கஞ்சாவை விட்ட ஆறாம் நாள்: இது மனநோயா?

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. காட்பாடி பக்கம் வெல்டிங் பட்டறையில் வேலை. ஏழெட்டு வருஷமாகத் தினமும் கஞ்சா பிடித்தேன். பட்டறை முடிந்ததும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. மகளுக்கு விவரம் தெரிகிற வயசு வந்துவிட்டதால் நிறுத்திவிட்டேன். இன்று ஆறாவது நாள். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. வந்தாலும் கெட்ட கனவு. எழுந்தால் பனியன் நனைந்து கிடக்கிறது. சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது. நேற்று ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டேன். மனைவி அழுதாள், அப்புறம் நானும் அழுதேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? கூட இருப்பவன் "ஒரே ஒரு இழுப்பு இழு, சரியாயிடும்" என்கிறான். (பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பைத்தியம் பிடிப்பதாகத் தெரியவில்லை. தினமும் கஞ்சா எடுத்த உடம்பும் மூளையும் அது இல்லாமல் தவிக்கிற தவிப்பு இது. எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கெட்ட கனவு, பசியின்மை, வியர்வை, மனச்சோர்வு என்று நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் இதன் அடையாளம்தான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூலில் 2013இலேயே இதைத் தனி நோய்நிலையாகச் சேர்த்துவிட்டார்கள். பல ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வந்த கணக்குப்படி, தொடர்ந்து கஞ்சா எடுப்பவர்களில் 47 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு, இந்தத் தவிப்பு வருகிறது. "கஞ்சா வெறும் மூலிகை, அடிமையாக்காது" என்று நம்மூரில் சொல்வதை இனி நம்பாதீர்கள்.

மூளையில் கஞ்சாவின் போதைப்பொருள் போய் ஒட்டுகிற இடங்கள் உண்டு. அவை கஞ்சாவுக்காக உண்டானவை அல்ல. உடம்பு தானாகவே சுரக்கிற ஒரு பொருளுக்கானவை. பசி, தூக்கம், பயம், வலி எல்லாவற்றையும் நிதானத்தில் வைப்பது அந்த ஏற்பாடு. வெளியிலிருந்து தினமும் வந்து கொட்டினால், மூளை அந்த இடங்களைக் குறைத்துக்கொள்கிறது. கஞ்சாவை நிறுத்தியதும், உடம்பின் சொந்தச் சரக்கு ஒட்டப் போதுமான இடம் இருப்பதில்லை. நல்ல செய்தி, இரண்டு மூன்று நாளிலேயே அவை திரும்பத் தொடங்குகின்றன. நாலு வாரத்தில் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடுகின்றன.

ஆகவே இந்தத் தவிப்புக்கு ஒரு கெடு உண்டு. நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் ஆரம்பிக்கும், முதல் வாரத்தில் உச்சம் தொடும், இரண்டு வாரத்தில் பெருமளவு அடங்கும். நீங்கள் இப்போது அந்த உச்சத்தில் இருக்கிறீர்கள். தூக்கமும் கனவும் மட்டும் ஒரு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் இழுக்கும். கஞ்சா இத்தனை வருஷம் அமுக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் இப்போது மொத்தமாகத் திரும்பி வருகிறது, அதனால்தான் கனவுகள் அவ்வளவு பயங்கரமாக இருக்கின்றன. பனியன் நனைவதை வேலூர் வெயில் என்று நினைத்துவிடலாம். ராத்திரியில் அந்த அளவுக்கு நனைந்தால் இதுவும் சேர்ந்த காரணம்.

நண்பர் சொன்ன ஒரு இழுப்பு விஷயத்துக்கு வருகிறேன். இழுத்தால் அரை மணியில் சரியாகும், அது உண்மைதான். "பார், எனக்குப் பதற்ற நோய் இருக்கிறது, கஞ்சாதான் மருந்து" என்று பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பதற்றத்தை உண்டாக்கியதும் அதே கஞ்சா. இப்போது இழுத்தால் கடந்து வந்த ஆறு நாளையும் மறுபடி முதலிலிருந்து அனுபவிக்க வேண்டிவரும்.

சிகரெட்டை உதிர்த்து, அந்தப் புகையிலையோடு கஞ்சாவைக் கலந்து பிடித்தீர்களா? அப்படியானால் நிக்கோடின் தவிப்பும் இதில் சேர்ந்திருக்கும். அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதற்குத் தனி உதவி உண்டு. தூக்கத்துக்காக டாஸ்மாக் பக்கம் போகாதீர்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரையும் வேண்டாம். அது கஞ்சாவைவிட விடுவதற்குக் கஷ்டமான பழக்கமாகிவிடும்.

சாப்பாட்டில் பெரிய தட்டு வேண்டாம். கேழ்வரகுக் கூழ், மோர், இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. மதியத்துக்குப் பிறகு டீ, காபி நிறுத்துங்கள். விடிகாலையில் அரை மணி நடங்கள். இன்னொன்று, இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்: ராத்திரி தூங்காத மறுநாள் கிரைண்டிங் மெஷினைத் தொடாதீர்கள். முதலாளியிடம் காய்ச்சல் என்று சொல்லியாவது இரண்டு நாள் லீவு போடுங்கள்.

மனைவியிடம் தட்டு விஷயத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். "இன்னும் ஒரு வாரம் நான் சள்ளென்று விழுவேன், உன்மேல் கோபமில்லை" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கோபம் தலைக்கேறும்போது வெளியே போய்விடுவதாகப் பேசி வையுங்கள். எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. அதற்காகக் கை ஓங்கிவிடக் கூடாது.

இப்போது வருகிற சோர்வை வைத்து மனநோய் என்று முடிவு கட்ட முடியாது. நாலு வாரம் தொடாமல் இருந்த பிறகும் மனம் இருண்டே இருந்தால், பதற்றம் நீடித்தால், அது கஞ்சாவுக்கு முன்பே இருந்த நோயாகவும் இருக்கலாம். அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன.

சிலவற்றுக்கு மட்டும் நாலு வாரம் காத்திருக்கக் கூடாது. யாருமில்லாதபோது காதில் குரல் கேட்பது, மனைவி சோற்றில் ஏதோ கலக்கிறாள் என்பது போன்ற சந்தேகம், செத்துவிடலாம் என்ற எண்ணம், விடாத வாந்தி. இதில் ஒன்று வந்தாலும் அன்றே, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடு ராத்திரியானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

அவசரம் இல்லாவிட்டாலும் ஒரு முறை மனநல மருத்துவரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. கஞ்சாவை விடுவதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்னும் வரவில்லை. ஆனால் தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் கொஞ்ச நாள் மருந்து தருவார்கள், ஆசை வரும் நேரத்தைச் சமாளிக்க ஆலோசனை சொல்வார்கள். போலீஸ் பயம் வேண்டாம். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க 2017 மனநலச் சட்டம் மருத்துவமனையைக் கட்டாயப்படுத்துகிறது. தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் பாதுகாப்பும் இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்ததும் எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது, கூடவே குடியோ மாத்திரையோ உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் மனைவியையும் கூட்டிப் போங்கள்.