சூரிய மின்சாரத்தை ஹைட்ரஜனாகச் சேமித்தால் சிங்கப்பூர் சொந்தக் காலில் நிற்க முடியுமா?

முடியாது என்பதுதான் என் பதில். வெடித்துவிடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. ஜூரோங் தீவு ரசாயன ஆலைகளில் ஹைட்ரஜன் பல காலமாகக் குழாயில் ஓடுகிறது. சமையலறைக்குக் குழாயில் வரும் எரிவாயுவிலும் கணிசமான பங்கு அதுதான். சாம்பார் அதில்தான் கொதிக்கிறது, யாரும் கவலைப்படுவதில்லை.

இடிப்பது கணக்கு. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம் செலவாகும். அதையே ஃபியூவல் செல்லில் (ஹைட்ரஜனை மறுபடி மின்சாரமாக்கும் கருவி) விட்டால் கைக்கு வருவது 17, 18 யூனிட். நடுவில் அழுத்தி உருளையில் அடைக்கும் செலவு வேறு. பேட்டரியில் அதே 50 யூனிட்டைப் போட்டால் 42க்கு மேல் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவு இழந்தும் சில ஊர்களுக்கு இது சரிப்படும். கோடையில் மிஞ்சியதைக் குளிர்காலத்துக்கு வைக்கவேண்டிய நாட்டில் மாதக்கணக்கில் தாங்கும் சேமிப்பு தேவை, அதைப் பேட்டரியால் செய்தால் விலை கட்டாது. அமெரிக்காவின் யூட்டாவில் நிலத்தடி உப்புக் குகைகளையே இதற்காகக் குடைந்திருக்கிறார்கள். நார்வேயின் உட்சிரா தீவில் 2004லேயே காற்றாலையையும் ஹைட்ரஜனையும் இணைத்துப் பத்து வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கவனியுங்கள், பத்து வீடு.

நமக்கோ குளிர்காலம் கிடையாது. வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டும், மறுநாள் ஏழு மணிக்கு விடியும். தாண்டவேண்டியது ஓர் இரவும், இடையில் கொட்டும் மழையும்தான். அதற்குப் பேட்டரி போதும். ஜூரோங் தீவில் 2023இல் திறந்த பேட்டரி நிலையம் 285 மெகாவாட் மணி கொள்ளும். ஒரு தடவை நிரப்பினால் சுமார் 24,000 நான்கறை வீடுகளின் ஒரு நாள் தேவை.

சரி, பேட்டரியோ ஹைட்ரஜனோ, சேமிக்க மிச்சம் வேண்டுமே? தெங்கே நீர்த்தேக்கத்தில் 45 ஹெக்டேருக்குச் சூரியத் தகடுகளை மிதக்கவிட்டும் கிடைத்தது 60 மெகாவாட். 2030க்கு முதலில் வைத்த 2 கிகாவாட் இலக்கே நாட்டின் தேவையில் 3% அளவுக்குத்தான் வரும். உச்சி வெயிலில் விளைவதை அந்த நேரத்திலேயே தின்று தீர்த்துவிடுகிறோம். நிலம் இல்லாத ஊரில் சேமிப்பைப் பற்றிப் பேசுவது, நெல்லே இல்லாமல் குதிருக்கு அளவெடுப்பது மாதிரி.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். 2022இல் வந்த தேசிய ஹைட்ரஜன் உத்தி, 2050க்குள் மின்தேவையில் பாதிவரை ஹைட்ரஜன் தரலாம் என்கிறது. பெரும்பாலும் கப்பலில் வரப்போகும் ஹைட்ரஜன், அம்மோனியா வடிவிலும் வரலாம். புதிய எரிவாயு மின்நிலையங்கள் குறைந்தது 30% ஹைட்ரஜனை எரிக்கத் தோதாக இருக்கவேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. கரிம வெளியீடு குறையும், நல்லதுதான். ஆனால் இன்று சுமார் 95% மின்சாரத்துக்கு எரிவாயுவை வாங்குகிறோம், நாளை வேறொன்றை வாங்குவோம். இதைத் தன்னிறைவு என்று எப்படிச் சொல்வது? 2035க்குள் 6 கிகாவாட்டைக் கேபிள் வழியாக அண்டை நாடுகளிலிருந்து எடுக்கும் திட்டம்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. மின்சாரம் மின்சாரமாகவே வந்தால் இரண்டு தடவை உருமாற்றி இழக்கவேண்டியதில்லை.

இதே கேள்வியை ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் அளவில் கேட்டாலும் பதில் மாறாது. பல புளோக்குகளின் கூரையில் ஏற்கெனவே தகடுகள் இருக்கின்றன. அந்த மின்சாரம் முதலில் லிஃப்ட்டுக்கும் பொது விளக்குக்கும் போகிறது, மிஞ்சும் கொஞ்சநஞ்சம் கிரிட்டுக்குப் போய்விடுகிறது.