உங்களுக்கு மாற்று யார்?

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கும் பட்டறை நடத்துகிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் தீப்பிடித்ததைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஜெனரேட்டர், தீயணைப்புக் கருவி, இன்சூரன்ஸ் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். கணக்குகளுக்கு மூன்று இடத்தில் பேக்கப் இருக்கிறது. பாஸ்வேர்டு, வங்கி விவகாரமெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். மனைவி பங்குதாரர்தான், ஆனால் அவளுக்கு எதற்கு வீண் கவலை? இன்னும் என்ன வாங்கி வைக்கலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம் தம்பி. ‘அவளுக்கு எதற்கு வீண் கவலை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பட்டறைக்கு உள்ள பெரிய ஆபத்து அதில்தான் இருக்கிறது.

2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பல நிறுவனங்களின் கணினித் தகவல்களைச் சேமித்து வைக்கும் ஒரு பெரிய டேட்டா சென்டர் எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின. நீங்கள் அதைவிட மோசம். கணக்குக்கு மூன்று நகல் வைத்திருக்கிறீர்கள். அதைத் திறக்கும் விவரத்துக்கு ஒரு நகல்கூட இல்லை.

தீ வேண்டாம், சாதாரண விபத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஐசியூவில். உங்கள் போன் உங்கள் கைரேகையோ பின் எண்ணோ இல்லாமல் திறக்காது. வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். சனிக்கிழமை சாயங்காலம் 14 பேர் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். பேப்பர் ரீல் ஏற்றிவந்த லாரிக்காரர் பணம் வந்தால்தான் இறக்குவேன் என்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், பாலிசி எண் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் கவலைப்படாமல் பார்த்துக்கொண்ட அந்தப் பெண், அத்தனை பேர் முன்னாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

சாதாரணக் கூட்டு நிறுவனமாக இருந்தால், பட்டறையின் கடனுக்கு அவரும் பொறுப்பு. கடனில் பங்கு கொடுத்துவிட்டு, விவரத்தில் பங்கு கொடுக்காமல் இருப்பது அன்பா? எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. இப்படி எழுதுகிற கணவர்கள் நிறையப் பேர். ஒருவர்கூட மனைவியிடம் கேட்டுவிட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

இந்த வாரமே வங்கிக்கு இருவரும் போய், அவர் தனியாகவும் கணக்கை இயக்கும்படி எழுதிக் கொடுங்கள். ஓடிபி அவர் எண்ணுக்கும் வர வேண்டும். பவர் பத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள், பொதுவாக எழுதியவர் இறந்தால் அது செல்லாது. யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், மெஷின் மெக்கானிக் எண், பாலிசி எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒரு நகலைப் பட்டறைக்கு வெளியே வையுங்கள். பாஸ்வேர்டுகளை அந்த நோட்டில் எழுத வேண்டாம். எல்லா பாஸ்வேர்டுகளையும் பூட்டிவைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜரில் போட்டு, அவசரத்தில் அவர் திறக்க வழி செய்யுங்கள். பட்டறையில் மூத்த தொழிலாளி ஒருவருக்கும் ஆர்டர் விவரம் தெரிந்திருக்கட்டும்.

இன்சூரன்ஸ் பற்றி ஒன்று: பெரும்பாலும் தீ பாலிசி எரிந்த பொருளுக்குத்தான் பணம் தரும். பட்டறை மூடிக் கிடக்கும் நாட்களின் வருமான இழப்புக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும். உங்களுடையதில் அது இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்கும்போது மனைவியும் கூட இருக்கட்டும்.

அப்புறம், சம்பள நாள் வருகிற மாதிரி இரண்டு நாள் போனை அணைத்துவிட்டு வீட்டில் இருங்கள். பட்டறையை அவர் நடத்தட்டும். எங்கே தடுமாறினார் என்று அவரையே எழுதச் சொல்லி, அதையெல்லாம் ஒரு மாதத்துக்குள் சரிசெய்யுங்கள். அடுத்த கடிதத்தை அவர் எழுதினால் இன்னும் நல்லது.