மட்டக்களப்புக் கூத்துக்குக் கனடாவில் மானியம் கிடைக்குமா?

தம்பி, மட்டக்களப்பில் வடமோடி என்ற பாணியில் கூத்து ஆடியும் பழக்கியும் வந்தவர் நீங்கள். இப்போது நிரந்தர வதிவுரிமையோடு ஸ்காபரோவில் இருக்கிறீர்கள், இரவில் வேர்ஹவுஸ் வேலை. தனிக் கலைஞர்களுக்கு இங்கே கொடுக்கும் அரசு மானியம், இந்த நாட்டில் இன்னும் ஒரு மேடைகூட ஏறாத உங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைத்தால் பிள்ளைகளுக்கான கொடுப்பனவு வெட்டுப்படுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

கலைக்கு அரசுப் பணத்தில் மானியம் கொடுக்கும் கதவுகள் உங்களுக்கு மூன்று இருக்கின்றன. நாடு முழுவதற்கும் கனடா கவுன்சில், மாகாணத்துக்கு ஒன்ராறியோ ஆர்ட்ஸ் கவுன்சில், நகரத்துக்கு ரொறன்ரோ ஆர்ட்ஸ் கவுன்சில். ஸ்காபரோ ரொறன்ரோ நகருக்குள் வருவதால் மூன்றாவது கதவும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. பக்கத்து ஊர்களான மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ குடியிருப்பவருக்கு அது இல்லை. புதிதாக வந்த கலைஞர்களையும் அகதிக் கலைஞர்களையும் இங்கே அனுபவமுள்ள ஒருவரோடு இணைத்துவிடும் வழிகாட்டல் மானியமும் ரொறன்ரோ கவுன்சில் வழங்கிவந்திருக்கிறது. முதலில் அதன் அறிவிப்பைத் தேடிப் பாருங்கள். கனடா கவுன்சிலுக்கு இணையத்தில் உங்களைப் பற்றிய விவரக்கோவை (profile) ஒன்றைப் பதிந்து, அதை அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகே விண்ணப்பிக்க முடியும். அதற்கு நாளெடுக்கும் என்பதால் கடைசித் தேதி நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

நம்மவர்கள் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, இங்கே பெயர் இல்லை, ஆங்கிலம் போதாது என்று தங்களைத் தாங்களே கழித்துக்கொள்கிறார்கள். கனடா கவுன்சில் தொழில்முறைக் கலைஞரிடம் எதிர்பார்ப்பவை இவை: துறையில் சிறப்புப் பயிற்சி, அது கல்விக்கூடத்தில்தான் பெற்றதாக இருக்க வேண்டியதில்லை, அதே மரபில் இயங்கும் கலைஞர்களின் அங்கீகாரம், பொதுமக்கள் முன் நிகழ்த்திய வரலாறு, வசதி கிடைத்தால் கலைக்கு இன்னும் அதிக நேரம் கொடுக்கும் உறுதி. கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரிடம் ஆண்டுக்கணக்கில் பழகியதும், கோயில் திருவிழாவில் சபை சுற்றி அமரும் வட்டக்களரி மேடையில் விடிய விடிய ஆடியதும் இதில் எங்கே பொருந்தவில்லை? உங்கள் கலைவாழ்வு விமானம் ஏறிய அன்று அழிந்துவிடவில்லை. அதை எழுத்தில் கொண்டுவருவதுதான் பாக்கி. எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தக் கூத்தில், என்ன பாத்திரம் என்று வரிவரியாக எழுதுங்கள். அழைப்பிதழ், புகைப்படம், உள்ளூர்ப் பத்திரிகைத் துணுக்கு எது கிடைத்தாலும் ஊரில் இருப்பவர்களைக் கேட்டு வாங்குங்கள். அண்ணாவியாரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். தமிழில் எழுதினால் மொழிபெயர்த்து இணைக்கலாம்.

எம்.பி.யைத் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். கனடா கவுன்சில் 1957இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானபோதே, பணம் அரசுடையது, யாருக்கு என்ற முடிவு அமைச்சருடையது அல்ல என்ற ஏற்பாட்டோடுதான் உருவானது. 1963இல் பிறந்த ஒன்ராறியோ கவுன்சிலிலும் அதே வழிதான். விண்ணப்பங்களை வாசித்து மதிப்பிடுபவர்கள் உங்களைப் போன்ற கலைஞர்கள். விண்ணப்பதாரரோடு நெருங்கிய தொடர்பு உள்ளவர் அந்த விண்ணப்பத்தின் மதிப்பீட்டிலிருந்து விலகிவிட வேண்டும்.

அப்படியொரு மதிப்பீட்டுக் குழுவில் நானும் இருந்திருக்கிறேன். உள்ளே பேசியதைச் சொல்லக்கூடாது. ஆனால் வாசிப்பவர் நிலை எப்படியிருக்கும் என்று சொல்லலாம். மேசையில் ஒரு குவியல் விண்ணப்பங்கள். கூத்தை வாழ்நாளில் பார்த்திராத ஒரு நவீன நடனக் கலைஞர் உங்களுடையதை எடுக்கிறார். 'ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியம், தமிழரின் பெருமை' என்ற வரிகளால் அவருக்கு எதுவும் தெரியவராது. மத்தளத்தின் தாளக்கட்டு மாறும்போது ஆட்டக்காரனின் கால் என்ன செய்கிறது, சபை ஏன் வட்டமாக அமர்கிறது, இங்கே குளிர்காலத்தில் ஒரு மண்டபத்துக்குள் அந்த வட்டத்தை எப்படி அமைக்கப் போகிறீர்கள் என்று எழுதினால் அவர் நிமிர்ந்து உட்காருவார். காணொளியிலும் அப்படித்தான். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பாத்திரம் களரிக்குள் நுழையும் வரவு ஆட்டத்தின் உச்சத்திலிருந்து தொடங்குங்கள்.

கால அட்டவணை கேட்பார்கள். அதற்காகப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. சட்டம் கொடுத்தல் (ஆடுபவருக்கு அவரவர் பகுதியின் பிரதியைக் கொடுப்பது), ஆட்டம் பழக்குதல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் என்று நம் கூத்துக்கே படிநிலைகள் உண்டு. அவற்றுக்கு மாதங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். விண்ணப்பம் அனுப்புமுன் தொடங்கிவிட்ட வேலைக்கு மட்டும் பணம் கேட்காதீர்கள்.

வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். மண்டபத்துக்கு, ஒலியமைப்புக்கு, உணவுக்கு எல்லாம் தொகை போட்டுவிட்டு, மத்தளக்காரருக்கும் சல்லரி என்ற தாளம் போடுபவருக்கும் தங்களுக்கும் பூச்சியம் போடுவது நம் வழக்கம். தொண்டு மனத்தோடு செய்கிறோம். ஆனால் கலைஞருக்கு முறையாகக் கூலி கொடுக்கப்படுகிறதா என்பது இங்கே மதிப்பீட்டில் பார்க்கப்படும் விடயம். ஓவியர்களும் சிற்பிகளும் 1968இல் கார்ஃபாக் என்ற அமைப்பைத் தொடங்கிப் போராடி, தங்கள் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தால் கொடுக்கும் காட்சிக் கட்டணத்தை 1975இல் பெற்றார்கள். அந்தக் கட்டணம் வந்த நாட்டில் நம் மத்தளக்காரர் மட்டும் ஏன் இலவசமாக வாசிக்க வேண்டும்? உங்கள் நேரத்துக்கும் விலை போடுங்கள். அந்தத் தொகையால் சில இரவுகள் வேலைக்குப் போகாமல் ஒத்திகை வைக்க முடிந்தால், மானியம் அதற்காகத்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். முதலில் தமிழில் முழுவதையும் எழுதிவிட்டு, நன்கு ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு அமர்ந்து மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான அலுவலரைத் தொலைபேசியில் அழையுங்கள். விளக்கம் சொல்வது அவர் வேலை. முதல் தடவை மறுப்பு வருவது மிகச் சாதாரணம். வந்தால் அதே அலுவலரிடம் எங்கே பலவீனம் என்று கேட்டு, அடுத்த சுற்றுக்குத் திருத்தி அனுப்புங்கள். இங்கே யாரும் அதைக் கௌரவக் குறைவாகப் பார்ப்பதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மானியம் வருமான வரிக் கணக்கில் சேரும். ஆண்டு முடிந்ததும், கிடைத்த தொகையைக் காட்டும் டி4ஏ (T4A) என்ற வரிப் படிவம் வீட்டுக்கு வரும். பிள்ளைகளுக்கான கொடுப்பனவு குடும்பத்தின் நிகர வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடப்படுவதால், அடுத்த ஆண்டு அதில் சற்றுக் குறையக்கூடும். ஆனால் திட்டத்துக்காகச் செய்த செலவுகளை மானியத் தொகையிலிருந்து கழிக்கலாம். மண்டப வாடகை, உடை, கலைஞர்களுக்குக் கொடுத்த ஊதியம் எல்லாம் அதில் வரும். வீட்டு வாடகையும் சாப்பாடும் வராது. ஆகவே ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டிய இறுதி அறிக்கைக்கும் அவை வேண்டியிருக்கும். அந்த அறிக்கை போகாவிட்டால் அடுத்த மானியத்துக்கு விண்ணப்பிக்க விடமாட்டார்கள்.