ஹெல்மெட் சட்டம் ஏன் அடிக்கடி தூங்கிவிடுகிறது?

கேள்வி: ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவிக்கிறார்கள். கோரிப்பாளையம் சிக்னலில் நாலு நாள் பிடிக்கிறார்கள், அப்புறம் பழைய கதைதான். இந்த மாதிரி சட்டங்களால் நாள்பட்ட பயன் உண்டா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு 1988 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1-லும், உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1-லும் 'கட்டாயம்' என்றது, தூங்கிய அதே பிரிவைத் தட்டி எழுப்பியதுதான். 2022 அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. ஆனால் தொகையை விட, தினமும் பிடிபடுவோம் என்ற எண்ணம்தான் ஆளை மாற்றும். ஊர் எல்லை தாண்டியதும் ஹெல்மெட் டேங்க் மேல் ஏறிவிடுவது அதனால்தான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா 2000-இல், 21 வயது நிரம்பி 10,000 டாலர் மருத்துவக் காப்பீடும் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு கொடுத்தது. ஹெல்மெட் அணிவோர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள், சாவும் கூடியது. ஆகவே சட்டத்துக்குப் பயன் உண்டு.

நம் ஊரில் சட்டத்தை யாரும் நீக்கவில்லை, உள்ளுக்குள்ளே பொக்கையாகிவிட்டது. சோதனையில் பார்ப்பது தலையில் ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். அதனால் போலீஸுக்காக ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, பட்டியைத் தொங்கவிட்டுப் போகிறார்கள். பட்டியால் இறுகப் பூட்டியிருந்தால்தான் ஹெல்மெட் என்று 129-வது பிரிவே விளக்குகிறது! பூட்டாதது, தலை தரையில் மோதும் முன்பே பறந்துவிடும். ஒழுங்காக அணிந்தால் சாவு அபாயம் சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு.

வாங்கும்போது ஐ.எஸ். 4151 எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும், 2021 ஜூன் முதல் அது இல்லாததை விற்கவே கூடாது. புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே டேப் சுற்றி அளவெடுங்கள். போட்டதும் கன்னம் லேசாக அமுங்க வேண்டும். பட்டிக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி. பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கம் உருட்டுங்கள், கழன்று வந்தால் சின்ன சைஸ் கேளுங்கள். பலத்த அடிபட்டதை மறுபடி போடாதீர்கள். அடியை வாங்குவது உள்ளே உள்ள தெர்மாகோல். ஒருமுறை நசுங்கினால் அது பழைய நிலைக்கு வராது.

கேள்வி: பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் வேண்டுமா?
– வாசகி, மேலூர்

பதில்: நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் வேண்டும். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை, 2023 பிப்ரவரியிலிருந்து அமலில் உள்ள மத்திய விதிப்படி, பிள்ளையின் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் (சைக்கிள் ஹெல்மெட்டும் செல்லும்), ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம்.