அயர்லாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளை எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தடம் மாறி அரசை எதிர்த்த புரட்சிக்காரர் ஆனதற்கு அவர் அம்மாவின் மறுமணம்தான் காரணமா?

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. நீங்கள் அப்பா அம்மா இருவரோடும் வளர்ந்தவராக இருக்கவேண்டும். தப்பென்றால் மன்னிக்கவும்.

அயர்லாந்தின் லென்ஸ்டர் டியூக் 1773-இல் இறந்தபோது மகன் எட்வர்டுக்குப் பத்து வயது. அடுத்த வருடம் அம்மா எமிலி பிள்ளைகளோடு பிரான்சுக்குப் போய், அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வில்லியம் ஓகில்வியைக் கட்டிக்கொண்டார். இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸின் கொள்ளுப்பேத்தி, ஒரு வாத்தியாரை! ஊர் சும்மா விடுமா?

எனக்கும் பத்து வயதில்தான் அப்பா போனார். இரண்டு வருடம் கழித்து அம்மா என் டியூஷன் சாரை மணந்தார். இன்றுவரை அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறேன். அந்த ஜூனில் என் நோட்டுகளுக்கெல்லாம் பிரவுன் அட்டை போட்டு, லேபிளில் பெயர் எழுதியது அவர்தான். என் இனிஷியலில் மட்டும் கை வைக்கவில்லை; அப்பாவின் எழுத்தையே எழுதினார். ஆனால் நான் கல்லூரியில் ஒரு ஸ்டிரைக்கில் மாட்டியபோது, "வளர்ப்பு அப்படி" என்று ஒரு கல்யாணப் பந்தியில் சார் காதுபடவே சொன்னார்கள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு குனிந்து சாப்பிட்டார்.

இதில் அலுவலகங்கள் வேறு. அப்பா பெயர் ஒன்று, கார்டியன் பெயர் இன்னொன்று என்று ஒரே சான்றிதழுக்கு மூன்று முறை அலையவிட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

எட்வர்ட் மாறியதற்குக் காரணம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேடுங்கள். ஓகில்வி பிரான்சில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ராணுவப் படிப்பு. பையன் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, 1781-இல் அமெரிக்காவின் யூட்டா ஸ்பிரிங்ஸ் சண்டையில் படுகாயம் பட்டு விழுந்தான். தூக்கிப்போய்க் காப்பாற்றியவர் டோனி ஸ்மால், அடிமையாக இருந்து தப்பிய கறுப்பர். கடைசிவரை கூடவே இருந்தார். 1792-இல் எட்வர்ட் புரட்சி நடந்த பாரிசில், மன்னராட்சியை எதிர்த்து எழுதிய தாமஸ் பெய்னோடு தங்கினார். ஒரு விருந்தில் 'லார்ட்' பட்டம் வேண்டாம் என்றார். அதனால் ராணுவ வேலை போனது. அயர்லாந்து நாடாளுமன்றத்தில் இருந்தவர், அப்புறம் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சிக்குத் தயாரான 'ஐக்கிய ஐரிஷ்காரர்கள்' என்ற அமைப்போடு சேர்ந்தார். அவர் தலைக்கு 1,000 பவுண்டு விலை வைத்தார்கள். 1798 மே 19 அன்று டப்ளின் தாமஸ் தெருவில் ஒரு இறகு வியாபாரி வீட்டில் படுத்திருந்தபோது பிடித்தார்கள். குறுவாளோடு போராடினார், தோளில் சுட்டார்கள். ஜூன் 4 அன்று சிறையில் இறந்தார். இதில் வாத்தியார் எங்கே வருகிறார்?

ஓகில்வி உத்தமர் என்று நான் சொல்லவில்லை. டியூக் உயிரோடு இருந்தபோதே அவருக்கும் எமிலிக்கும் பழக்கம் என்று எழுதியவர்கள் உண்டு. கருத்துப் பகுதியில் அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், எனக்கும் தெரியும்.

எட்வர்ட் இறந்தபின் அவரை ராஜதுரோகி என்று சட்டம் போட்டு அவர் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். அந்த நிலத்தைப் பணம் கட்டி வாங்கி எட்வர்டின் பிள்ளைகளுக்காக மீட்டது ஓகில்விதான்.