‘ஒன்றுமில்லை, மதர்’ என்பவரை எப்படிக் கவனிப்பது?

கேள்வி: நான் தலைவியாக (மதர்) இருக்கும் கன்னியர் இல்லத்தில் 14 சகோதரிகள். 9 பேர் 70 வயதைக் கடந்தவர்கள். அவர்களைக் கவனிக்கும் சிஸ்டருக்கே 61 வயது. சர்க்கரை நோயுள்ள 78 வயதுச் சகோதரி ஒருவர், தவக்காலத்தில் ஒருசந்தி (ஒருவேளை மட்டுமே முழு உணவு உண்ணும் நோன்பு) இருந்து இரண்டு முறை கோயிலில் மயங்கி விழுந்துவிட்டார். கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறார். என்னென்ன பரிசோதனைகள் தேவை? எப்படிக் கவனிப்பது?

பதில்: முதலில் அந்த ஒருசந்தியை நிறுத்துங்கள், மதர். திருச்சபைச் சட்டப்படியே 59 வயது நிறைந்தவர்களுக்கு ஒருசந்திக் கடமை கிடையாது. பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமலிருக்கும் விதியிலிருந்தும் முதியவர்கள், நோயாளிகள், அவர்களைக் கவனிப்பவர்கள் மூன்று தரப்பினருக்கும் விலக்கு உண்டு. இதை நானோ நீங்களோ சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அவருடைய ஆன்ம குருவைச் சொல்லச் சொல்லுங்கள்.

மயக்கத்துக்குக் காரணம் மாத்திரையாகவும் இருக்கலாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை வயிற்றில் சோறு விழுந்தாலும் விழாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். விடியற்காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, பூசை முடிந்து எட்டு மணிக்குச் சாப்பிட்டால் நடுவில் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். குளூக்கோமீட்டரில் 70க்குக் கீழ் காட்டினால், அவர் விழிப்பாக இருக்கும்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தெளிவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருந்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வயதில், வேறு நோய்களும் இருந்தால், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8 சதவீதத்துக்குள் இருந்தாலே போதும். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால், முழந்தாளிட்டு எழும்போது தலைசுற்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இனி அந்த ‘ஒன்றுமில்லை’. ஒரு கன்னியர் இல்லத்துக்குப் போயிருந்தபோது, மூட்டு வலியே இல்லை என்று சாதித்தார் ஒரு வயதான சிஸ்டர். அவர் வழக்கமாக அமரும் பெஞ்சைப் பார்த்தேன். முன்பக்கக் கட்டையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாலிஷ் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. எழும்போதெல்லாம் அங்கேதான் கையை ஊன்றியிருக்கிறார். வலியைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சபையின் ஓய்வு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆகவே ‘வலிக்கிறதா’ என்று கேட்காதீர்கள். ‘ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள்? நேற்று மாடி ஏறினீர்களா?’ என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை எல்லோருக்கும் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள்; காரணமின்றி எடை குறைந்தால் அதுவே எச்சரிக்கை.

பரிசோதனைகளில் மார்பகத்தை முதலில் வைக்கிறேன். கன்னியாஸ்திரிகளிடம் மார்பகப் புற்று அதிகம் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1713லேயே எழுதிவைத்தார். பிள்ளை பெறாத, பாலூட்டாத உடலில் வாழ்நாள் முழுக்க மாதச் சுழற்சிகள் அதிகம். அதனால் மார்பகம், சினைப்பை, கருப்பை மூன்றிலும் புற்று வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆண்டுக்கு ஒருமுறை பெண் மருத்துவர் ஒருவர் இல்லத்துக்கே வந்து பார்த்தால் கூச்சம் பாதி குறையும். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் யாருக்குத் தேவை என்பதையும் அவரே சொல்வார். மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மறைக்கக் கூடாது என்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

எலும்பு அடுத்தது. உடுப்பு முகத்தையும் கையையும் தவிர எல்லாவற்றையும் மூடுவதால் வைட்டமின் டி குறைந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேனும் செய்யுங்கள். (60,000 யூனிட் மாத்திரையை வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பொதுவாக எட்டு வாரம் மாதிரிக் குறுகிய காலத்துக்குத் தருவது. அப்புறம் அளவைக் குறைக்க வேண்டும்.) கழிவறையில் கைப்பிடி, வழியில் இரவு விளக்கு, அங்கியின் விளிம்பைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றித் தையல். செலவு குறைவு, பலன் அதிகம்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்திருந்தாலும், தெளிவாக இருக்கும்வரை அறுவைக்குச் சம்மதம் தரவேண்டியது அந்தச் சகோதரிதான், நீங்கள் அல்ல. மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2023இல் அதை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து. தனக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். மறதி தொடங்குமுன் எழுதவேண்டியது இது.

கவனிக்கும் அந்த 61 வயதுச் சிஸ்டருக்கும் மேலே சொன்ன அத்தனை பரிசோதனைகளும் பொருந்தும். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிப் புரட்டும் வேலையை அவரிடம் விடாதீர்கள். சம்பளத்துக்கு ஒரு பெண் உதவியாளரை வைக்கச் சபைத் தலைமையிடம் எழுத்தில் கேளுங்கள். வாரத்தில் ஒருநாளாவது அந்தச் சிஸ்டருக்கு விடுப்பு கொடுங்கள்.