தையில் தொடங்கும் சேமிப்பு சித்திரையில் ஏன் நிற்கிறது?

கேள்வி: உசிலம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இருவருக்கும் சேர்த்து ஆடியில் 22,000 ரூபாய்தான் வரும். தீபாவளி மாதத்தில் 45,000 வரை வரும். வீட்டுச் செலவு 20,000. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கல்லூரிக்கு 2 லட்சம் சேர்க்க, போன தையில் தபால் நிலையத்தில் மாதம் 5,000 ரூபாய்க்கு ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) போட்டோம். நாலு மாதம் கட்டினோம், அதோடு சரி. கணக்கே நின்றுவிட்டது. இந்தப் பழக்கத்தை விடாமல் பிடிப்பது எப்படி?

பதில்: நீங்கள் போட்ட தொகையும் சரியில்லை, தொடங்கிய மாதமும் சரியில்லை. 5,000 என்பது தீபாவளி மாதத்து வருமானத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஆடியில் உங்கள் கையில் மிஞ்சுவதே 2,000. ஆர்டி தொகையை வருடத்தின் மோசமான மாதத்தை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். உங்களுக்கு 1,500 சரியாக இருக்கும்.

அடுத்து மாதம். தை பிறந்ததும் தீர்மானம் எடுப்பது நம் வழக்கம். ஆனால் உங்கள் பக்கம் தையில் ஆரம்பித்துச் சித்திரை வரை கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். செய்முறையை, அதாவது விசேஷ வீட்டுக்குத் திருப்பி வைக்கவேண்டிய மொய், சீரை, தள்ளிப்போட முடியாது, ஆர்டியைத் தள்ளிப்போடலாம். அதனால் எது நிற்கும் என்று சொல்லவே வேண்டாம். செய்முறையைத் திடீர்ச் செலவாகப் பார்ப்பதுதான் பிரச்சினை. உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுங்கள். உங்களுக்குச் செய்தவர்களில் யார் வீட்டில் இந்த வருடம் விசேஷம் வரும், அவர்கள் எழுதியது எவ்வளவு, கூட்டி எவ்வளவு வைக்கவேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த செலவாகத்தான் இருக்கும். தாய்மாமன் சீர் போல ஏதாவது இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். அது ஒன்றே மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். கூட்டுத்தொகை 18,000 வந்தால் மாதம் 1,500 என்று வைத்துக்கொண்டு, ஜிபே இணைக்காத, ஏடிஎம் அட்டை வாங்காத ஒரு கணக்கில் போட்டு வாருங்கள். ஆடி, மார்கழியில் குறைந்தால் பரவாயில்லை, தீபாவளியில் ஈடுகட்டுங்கள்.

புது ஆர்டியைத் தீபாவளித் துணியெல்லாம் கொடுத்து முடித்துக் கூலி கைக்கு வந்ததும் திறங்கள். அப்போதே 6 மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். தபால் ஆர்டியில் 6 தவணை முன்கூட்டிக் கட்டினால் 100 ரூபாய்க்கு 10 ரூபாய் தள்ளுபடி உண்டு (12 தவணை என்றால் 40). 9,000 கட்டவேண்டிய இடத்தில் 8,850 கட்டினால் போதும். 150 ரூபாய் பெரிதில்லை. விசேஷ மாதங்களில் பெரும்பாலும் ஆர்டியைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை, அதுதான் பெரிது.

திறக்கும் தேதியையும் பாருங்கள். 15-ம் தேதிக்குள் திறந்த கணக்குக்கு மாதாமாதம் 15-க்குள் கட்டவேண்டும். 16-ம் தேதியோ அதற்குப் பிறகோ திறந்தால் மாதத்தின் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு. வாடகை, குழுக்கடன் தவணை எல்லாம் மாத முதலிலேயே விழுவதால் உங்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. வீட்டுக்கு வந்து வாங்கிப்போகும் மகளிர் முகவரிடம் கட்டலாம், ஆள் வந்து நின்றால் கட்டாமல் இருப்பது கஷ்டம். ஆனால் கொடுத்தவுடன், கட்டிய தொகையைக் குறிக்கும் அட்டையில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள், அவ்வப்போது பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள்.

ஒரு மாதம் தவறினால் "போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். 100 ரூபாய்க்கு 1 ரூபாய்தான் அபராதம். உங்களுக்கு 15 ரூபாய், ஒரு டீக் காசு. தொடர்ந்து 4 தவணை தவறினால்தான் கணக்கு நிற்கும். அதன்பிறகும் 2 மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கலாம். பழைய கணக்கில் அந்தக் கெடு தாண்டியிருந்தால் இனி அதில் பணம் போடமுடியாது. 20,000 எங்கும் போகாது; திறந்து 3 ஆண்டு ஆனபின் முடித்துக்கொள்ளலாம், சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும்.

6.7% வட்டியில் மாதம் 1,500 போட்டால் 5 ஆண்டில் சுமார் 1,07,000 வரும். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது முதிர்ந்துவிடும். மீதி 93,000-க்கு வருடம் சுமார் 18,500 வேண்டும். தீபாவளியில் ஆர்டி போக 6,000, பொங்கலுக்கு 6,500, ஜூனில் பள்ளிச் சீருடை தைக்கும் சமயம் 6,000 என்று ஓராண்டு வைப்பில் போடுங்கள். ஒரு வருடம் பொங்கல் வேலை குறைந்தால் அந்தத் தொகையை விட்டுவிடலாம். 1,500-ஐ மட்டும் தொடவேண்டாம்.

வட்டிக்கடன் பற்றி நீங்கள் எழுதவில்லை. நூற்றுக்கு 3 வட்டியில் 30,000 வாங்கியிருந்தால் மாதம் 900 ரூபாய் வட்டிக்கே போகும், வருடத்துக்கு 36%. ஆர்டி தருவது 6.7. அப்படி ஒரு கடன் இருந்தால் ஆர்டியை 500 ரூபாய்க்கு மட்டும் திறந்து, மிச்சம் பிடிப்பதையெல்லாம் அசலில் கட்டுங்கள். கடன் தீர்ந்தபின் 1,000 ரூபாய்க்கு இரண்டாவது ஆர்டி திறந்துகொள்ளலாம். ஒருவர் பெயரில் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.